வாடிய இலைக்குத் தண்ணீர்தான் மருந்தா?

வீட்டுக்குள் பச்சை - வாரத் தொடர்

நர்சரியில் பார்க்கும்போது பளபளவென்று நின்ற அக்லோனிமா, வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் தலையைத் தொங்கப் போடுகிறது. 'பாவம், தாகம் போலிருக்கிறது' என்று யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மறுநாள் இலைகள் இன்னும் துவள்கின்றன. இன்னொரு சொம்பு. நாலைந்து நாளில் அடியிலை மஞ்சளாகி, தண்டைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்துவிடுகிறது. 'எனக்குச் செடி வளர்க்கிற கைராசியே இல்லை' என்ற தீர்ப்போடு அந்த வீட்டில் செடி ஆசை முடிந்துபோகிறது.

அந்தச் செடி தாகத்தால் சாகவில்லை. தண்ணீரில் மூழ்கிச் செத்தது. வீட்டுக்குள் வளர்க்கும் அழகு இலைச் செடிகள் சாவதற்கு முதல் காரணம் கவனிப்புக் குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது நேர்மாறு. அக்கறை அதிகமாகி, தண்ணீரும் அதிகமாகிறது. இதற்கும் கைராசிக்கும் சம்பந்தமில்லை. செடி நிற்கும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது, மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்ற இரண்டையும் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும்.

தோட்டத்துப் பழக்கம் தொட்டிக்கு ஆகாது

ஊரில் முற்றமும் கிணற்றடியும் இருந்த வீட்டில் வாழ்ந்துவிட்டு, பிள்ளைகளோடு ஆறாவது மாடிக்குக் குடிவந்த அம்மாக்களுக்குக் காலையும் மாலையும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பல்லாண்டுப் பழக்கம். அங்கே அது சரி. மல்லியும் ரோஜாவும் செம்பருத்தியும் திறந்த வெயிலில் நிற்பவை. தரையில் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கிவிடும், வெயிலும் காற்றும் மிச்சத்தை உறிஞ்சிவிடும்.

டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எட்டு அங்குலத் தொட்டியில் நிற்கும் செடிக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, கீழே ஆழமான மண்ணும் இல்லை. ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் நாள்கணக்கில் அங்கேயே நிற்கிறது.

இன்னொரு சிக்கல், ஒரு தொட்டிக்குப் பல கைகள். காலையில் அப்பா வாக்கிங் முடித்து வந்து ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு வேலைக்கு வரும் அக்கா ஒரு டம்ளர், பள்ளிவிட்டு வந்த பிள்ளை தன் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளர். ஒவ்வொருவருக்கும் தாங்கள் ஊற்றியது கொஞ்சம்தான். செடிக்கு மூன்றும் சேர்ந்து வருகிறது. அதனால் வீட்டில் முதலில் செய்ய வேண்டிய ஏற்பாடு, தண்ணீர்ப் பொறுப்பை ஒரே ஒருவருக்குக் கொடுப்பது. மற்றவர்கள் இலையைத் துடைக்கலாம், பெயர் வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். சொம்பை மட்டும் தொடக் கூடாது.

வேர் மூச்சு விடும்

இலை மட்டுமல்ல, வேரும் சுவாசிக்கிறது. மண்துகள்களுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகள் எப்போதும் தண்ணீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது. செத்த வேரில் அழுகல் பூஞ்சைகள் குடியேறுகின்றன. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்ப முடியாது. இலைக்குத் தண்ணீர் போகாததால் இலை வாடுகிறது.

ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. தண்ணீர் இல்லாத செடியும் வாடும், தண்ணீர் அதிகமான செடியும் வாடும். இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனவே வாடிய செடியைப் பார்த்ததும் கை போக வேண்டியது சொம்புக்கு அல்ல, மண்ணுக்கு.

இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பதுபோல, ஐஸ்கிரீம் குச்சியையோ விரலையோ இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேவையில்லை. சுத்தமாக வெளியே வந்தால் ஊற்றலாம். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது. மேலே தூசி பறக்கும், கீழே சேறாக இருக்கும்.

தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல வழி. தண்ணீர் ஊற்றிய அன்று எவ்வளவு கனம், ஒரு வாரம் கழித்து எவ்வளவு கனம் என்று நாலு தடவை தூக்கிப் பார்த்தால் கை தானாகவே கணக்குப் பழகிவிடும்.

தாகத்தில் வாடிய செடியின் தொட்டி லேசாக இருக்கும். மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தைவிட்டு விலகியிருக்கும். இலை மெலிந்து, ஓரம் மொறமொறவென்று காய்ந்திருக்கும். தண்ணீர் அதிகமாகி வாடிய செடியின் தொட்டி கனக்கும். அடியிலைகள் மஞ்சளாகும், தண்டின் அடிப்பகுதி அழுத்தினால் அமுங்கும், மண்ணில் ஒரு புளித்த வாடை வரும். மண்ணுக்கு மேல் கடுகளவு கறுப்புப் பூச்சிகள் பறந்துகொண்டிருந்தால், அதுவும் மண் காயவே இல்லை என்பதற்கான அடையாளம்.

வெளிச்சமே சாப்பாடு

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரே பதில் கிடையாது. வெளிச்சம் அதிகமானால் செடி அதிகம் வளரும், அதிகம் குடிக்கும். வெளிச்சம் குறைந்தால் எல்லாமே குறையும். ஜன்னலோரம் இருக்கும் மணி பிளான்ட்டுக்கும், அதே நாளில் அதே தண்டிலிருந்து வெட்டி ஹாலின் உள்மூலையில் வைத்த மணி பிளான்ட்டுக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது.

மனிதக் கண் இந்த விஷயத்தில் சரியான சாட்சி இல்லை. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால், ஹால் நல்ல வெளிச்சமாக இருப்பதாகவே அதற்குத் தோன்றும். மொட்டைமாடியில் உச்சிவெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு ஒளி இருக்கும். அதே நேரத்தில் ஹாலின் உள்சுவர் ஓரத்தில் சில நூறு லக்ஸ்கூட இருக்காது. ஜன்னலை விட்டு நாலைந்து அடி தள்ளிப்போனாலே ஒளி மளமளவென்று குறைந்துவிடும். இன்றைக்குக் கையிலிருக்கும் மொபைலில் லக்ஸ் அளக்கும் இலவச ஆப் போட்டு வீட்டின் நாலு மூலையையும் அளந்து பார்க்கலாம். எண்கள் துல்லியமாக இல்லாவிட்டாலும், மூலைக்கு மூலை உள்ள வித்தியாசம் ஆச்சரியப்படுத்தும்.

ஆப் வேண்டாம் என்றால் ஒரு வெள்ளைத் தாள் போதும். மதிய வேளையில், விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்கப்போகும் இடத்தில் தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டிப் பார்க்க வேண்டும். விரல்களின் நிழல் தெளிவாக விழுந்தால் நல்ல ஒளி. நிழல் மங்கலாக, கை என்று மட்டும் தெரிந்தால் நடுத்தரம். நிழலே இல்லையென்றால் அங்கே செடி வைப்பது அதைப் பட்டினி போடுவதுதான். 'குறைந்த ஒளி போதும்' என்று நர்சரியில் சொல்வதற்கு 'ஒளியே வேண்டாம்' என்று பொருளில்லை. ஜன்னல் இல்லாத பாத்ரூமில் வைத்த செடி வளர்வதில்லை. இருக்கும் சேமிப்பைத் தின்று சில மாதங்கள் தாக்குப்பிடிக்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் செடி வேண்டுமென்றால், வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஓர் அடி உயரத்தில் பொருத்தித் தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரியவிட வேண்டும்.

எந்தச் செடி எந்த ஊர்க்காரர்?

ஒரு செடியின் சொந்த ஊர் தெரிந்தால் அதன் சுபாவமும் புரிந்துவிடும்.

பாம்புச் செடி என்கிற ஸ்நேக் பிளான்ட்டின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. தமிழ்நாட்டில் நாருக்குப் பயன்பட்ட மருள் செடியின் நெருங்கிய சொந்தம் இது. தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்துவைத்து, இரவில் மட்டும் இலைத்துளைகளைத் திறந்து சிக்கனமாக வாழும். ஸீ ஸீ பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும். இந்த இரண்டுக்கும் மண் அடிவரை காய்ந்த பிறகுதான் தண்ணீர். வீட்டுக்குள் தோராயமாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. 15 நாள் மறந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் ஞாபகம் வைத்து ஊற்றினால்தான் ஆபத்து.

மணி பிளான்ட் பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரியா தீவிலிருந்து உலகம் சுற்ற வந்தது. அக்லோனிமா தென்கிழக்கு ஆசியக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளர்வது. சிங்கோனியம், பிலோடென்ட்ரான், இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் மான்ஸ்டெரா எல்லாம் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளைச் சேர்ந்தவை. மரக்கிளைகளுக்கு இடையே வடிகட்டி வரும் வெளிச்சத்துக்குப் பழகியதால் இவற்றுக்கு நேர்வெயில் ஆகாது, இருட்டும் ஆகாது. கிழக்கு ஜன்னல், அல்லது மெல்லிய திரை போட்ட மேற்கு ஜன்னல் பொருத்தம். மேல் இரண்டு அங்குலம் காய்ந்ததும் தண்ணீர். பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை வரும்.

கலாத்தியா தென் அமெரிக்க மழைக்காட்டுச் செடி. அதற்குக் காற்றிலேயே ஈரம் வேண்டும். ஏ.சி. ஓடும் அறையில் வைத்தால் இலை ஓரம் கருகி, சுருண்டுகொள்ளும். அழகில் மயங்கி முதல் செடியாக இதை வாங்குபவர்கள்தான் சீக்கிரம் மனம் உடைகிறார்கள். இரண்டு செடிகள் நன்றாக வளர்ந்த பிறகு வாங்கலாம்.

ரப்பர் செடி வடகிழக்கு இந்தியாவின் சொத்து. மேகாலயாவில் ஓடைகளுக்குக் குறுக்கே உயிருள்ள வேர்ப்பாலங்கள் அமைப்பது இதே மரத்தின் வேர்களைக் கொண்டுதான். பாலம் தாங்கும் மரம் இருட்டு மூலையில் எப்படிச் செழிக்கும்? வீட்டிலேயே அதிக வெளிச்சம் உள்ள ஜன்னலை அதற்குத் தர வேண்டும். குரோட்டன்ஸும் அப்படியே. வெயில் இருந்தால்தான் சிவப்பும் மஞ்சளும் வரும். ஹாலுக்குள் வந்ததும் வெறும் பச்சையாகி, இலை உதிர்த்துவிடும். அதன் இடம் பால்கனி.

வாங்கி வந்த முதல் மாதம்

தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு வரும் செடிகளில் கணிசமானவை ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியம் போன்ற இடங்களில், பச்சை வலைப்பந்தலின் கீழ் வளர்ந்தவை. அங்கே பரவலான வெளிச்சம், ஈரக்காற்று, அளவான உரம். அங்கிருந்து லாரியில் வந்து, சாலையோர நர்சரியில் சில நாள் நின்று, பிறகு ஹாலுக்கு வருகிறது. புது இடத்துக்குப் பழகும்வரை ஒன்றிரண்டு இலை மஞ்சளாகி உதிர்வது சகஜம். அதைப் பார்த்துப் பதறி உரம் போடுவதும், தொட்டி மாற்றுவதும், இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும் செடியை இன்னும் சோர்வாக்கும். இரண்டு மூன்று வாரம் ஓரிடத்தில் விட்டுவிட வேண்டும். பழைய செடிகளுக்குப் பூச்சி தொற்றாமல் இருக்க, அதுவரை தனியாக வைப்பதும் நல்லது.

தொட்டி மாற்றும்போது, இருப்பதைவிட இரண்டு அங்குலம் பெரியது போதும். 'எப்படியும் வளரத்தானே போகிறது' என்று சின்னச் செடியை அண்டா போன்ற தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் தேங்கும் ஈரமே செடிக்கு எமன். மண் கலவைக்குச் செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றையும் ஒவ்வொரு பங்கு எடுத்து, அதோடு கரித்துண்டோ பெருமணலோ அரைப்பங்கு சேர்க்கலாம். கோகோபீட் மட்டுமே நிரப்பினால் ஈரம் அதிக நாள் தங்கும். பாம்புச் செடிக்கும் ஸீ ஸீக்கும் மணலைக் கூட்டி, கோகோபீட்டைக் குறைக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டையில்லாத அழகுப் பீங்கான் தொட்டி ஆசையாக இருந்தால், செடியை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியிலேயே வைத்து, அதைப் பீங்கானுக்குள் இறக்கலாம். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, அடியில் வடியும்வரை நன்றாக ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டு மறுபடி உள்ளே வைக்க வேண்டும். நித்தம் ஒரு டம்ளர் தெளிப்பதைவிட, காய்ந்த பிறகு ஒருமுறை முழுதாக நனைப்பதே சரியான முறை.

எந்தத் தண்ணீர்?

சென்னை போன்ற ஊர்களில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள உப்பு தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். இலை நுனி பழுப்பாகக் கருகுவதற்கும், மண்ணின் மேல் வெள்ளைப் படலம் பூப்பதற்கும் இது ஒரு காரணம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. வடிகட்டிப் பிரித்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அது தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் ஆகும், தொட்டிச் செடிக்கு ஆகாது. மழைநீரோ, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரோ கிடைத்தால் நல்லது. உப்புத் தண்ணீர்தான் கதி என்றால், மாதம் ஒருமுறை தொட்டியைச் சிங்க்கில் வைத்து, கிடைத்த நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி அடியில் வடியவிட்டால் தேங்கிய உப்பு ஓரளவு கரைந்து போகும்.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், பால், மோர் எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு வேண்டாம். தோட்டத்து மண் அவற்றைச் செரித்துவிடும். மூடிய அறையில், எட்டு அங்குலத் தொட்டியில் அவை புளித்து, வாடை அடித்து, பூச்சியைக் கூப்பிடும். வளரும் மாதங்களில் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் மேலாகத் தூவினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் வெளிச்சமும் குறைவு, காற்றிலும் ஈரம். அப்போது உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் பாதியாகக் குறைத்துவிட வேண்டும்.

இலையில் தூசி படிந்தால் கிடைக்கும் கொஞ்ச ஒளியும் தடைபடும். 15 நாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால், இலையின் அடியில் ஒரு கையைத் தாங்கி மெல்லத் துடைக்கலாம். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. இலைத்துளைகள் அடைபடும், தூசியும் இன்னும் ஒட்டும். துடைக்கும்போதே இலைக்கடியில் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தொடர வேண்டும்.

தவழும் குழந்தை இருக்கும் வீடா?

சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும். சரியாக வேகாத சேனை தொண்டையைக் கரகரக்க வைக்கும். புளி சேர்த்து வேகவைக்கும் பக்குவம் சமையலறைக்குப் பழகிய ஒன்று. அரிப்புக்குக் காரணம், கிழங்கிலும் இலையிலும் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். வீட்டு அலங்காரச் செடிகளில் பெரும்பகுதி இந்தச் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மணி பிளான்ட், அக்லோனிமா, சிங்கோனியம், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, கலேடியம், ஸீ ஸீ பிளான்ட் எல்லாம் சேம்பின் பங்காளிகள்.

இவர்களில் கொஞ்சம் முரடு டைஃபன்பேக்கியா. பெரிய இலையில் வெள்ளைத் திட்டுகளோடு அலுவலக வரவேற்பறைகளில் நிற்குமே, அதுதான். இதன் இலையையோ தண்டையோ கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கி, கொஞ்ச நேரம் பேச்சே வராமல் போகலாம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஊமைக் கரும்பு' என்று பொருள்படும் பெயர் வைத்திருப்பது அதனால்தான்.

பயந்து எல்லாச் செடியையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கைக்குக் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் குழந்தையோ, இலையை மெல்லும் நாய், பூனையோ இருந்தால், இவற்றைக் கைக்கெட்டாத உயரத்துக்கு மாற்றினால் போதும். டைஃபன்பேக்கியாவை மட்டும் குழந்தை வளரும்வரை தவிர்ப்பது புத்திசாலித்தனம். கீழே வைக்க ஸ்பைடர் பிளான்ட், அரேகா பாம், கலாத்தியா, மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த பெப்பரோமியா ஆகியவை இந்த வகையில் பாதுகாப்பானவை.

குழந்தை கடித்துவிட்டால், வாயிலிருப்பதை எடுத்துவிட்டு, வாயைத் தண்ணீரால் நன்றாகத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் குடிக்கக் கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. செடியை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். உதடு, நாக்கு வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். இலை நறுக்கிய கையோடு கண்ணைத் தொடாமல் இருப்பது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

கண்ணாடி பாட்டிலில் டெங்கு

தண்ணீரில் வைத்த மணி பிளான்ட்டும் லக்கி பேம்பூவும் இல்லாத வீடு குறைவு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அதற்கு வேண்டியது இப்படித் தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீர். 2001-ல் சீனாவிலிருந்து தண்ணீரோடு கப்பலில் அனுப்பப்பட்ட லக்கி பேம்பூக்களோடு சேர்ந்துதான் ஆசியப் புலிக்கொசு அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குள் போய் இறங்கியது. கொசுவுக்கு அவ்வளவு பிடித்த வாகனம் அது.

தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரியும். பொரித்துக் கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் கழுவிவிட வேண்டும். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டுக்கும் இதே விதி. தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டால் வேரும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். இது முடியாத வீடுகளில் மணி பிளான்ட்டை மண்ணுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

'இந்தச் செடி காற்றைச் சுத்தமாக்கும், இரவில் ஆக்சிஜன் தரும்' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1989-ல் வெளியான நாசா ஆய்வு. அது காற்று புகாத சின்னஞ்சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. கதவும் ஜன்னலும் உள்ள வீடு அப்படியல்ல. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியிலிருந்து 1,000 செடிவரை வேண்டும் என்றார்கள். படுக்கக் கட்டில்கூடப் போட முடியாது. ஜன்னலைத் திறந்துவைப்பது இலவசம்.

ஆக்சிஜன் கதையும் அப்படியே. ஒளி இருந்தால்தான் இலை ஆக்சிஜனை உருவாக்கும். பாம்புச் செடி இரவில் கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமிப்பது உண்மை, ஆக்சிஜன் பகலில்தான் வரும். அதேபோல, படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் மூச்சு முட்டும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் தொட்டிச் செடி விடுவது மிக அற்பம். செடியை அதன் அழகுக்காக வாங்கலாம். காலையில் எழுந்ததும் புதிதாகச் சுருள் விரியும் ஓர் இலையைப் பார்ப்பதற்காக வாங்கலாம். மருந்து என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அழுகத் தொடங்கிவிட்டதா?

மண் சேறாக இருந்து, இலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தால் இன்னும் வழி இருக்கிறது. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, கெட்டியாக இருப்பது நல்ல வேர். பழுப்பாகி, இழுத்தால் தோலோடு உருவி வருவது செத்த வேர். அதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் புதிய கலவையில் நட்டு, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கலாம். புது இலை வரும்வரை உரம் கூடாது.

வேர் முழுவதும் போய்விட்டாலும் மேல்தண்டு கெட்டியாக இருந்தால் அதுவே அடுத்த செடி. மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். இலையை மட்டும் கிள்ளிவைத்தால் மணி பிளான்ட் வளராது, கணு வேண்டும். பாம்புச் செடியின் இலைத்துண்டு மண்ணிலேயே முளைக்கும். மஞ்சள் கரை போட்ட ரகமாக இருந்தால், இலைத்துண்டிலிருந்து வரும் குட்டியில் அந்த மஞ்சள் கரை இருக்காது. கரை வேண்டுமென்றால் பக்கக் கன்றைப் பிரித்து நட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு பாம்புச் செடியும் ஒரு மணி பிளான்ட்டும் போதும். முதல் மாதம் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு நாளையும் சமையலறைக் காலண்டரில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவர வேண்டும். மாதக் கடைசியில் பாம்புச் செடிக்கு இரண்டு புள்ளி, மணி பிளான்ட்டுக்கு மூன்று, நான்கு புள்ளி இருந்தால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. முப்பது புள்ளி இருந்தால், சொம்பை யாராவது வாங்கி ஒளித்துவைப்பது நல்லது.

அடுத்த வாரம்: பத்து நாள் ஊருக்குப் போகும்போது வீட்டுச் செடிகளை என்ன செய்வது?